தூக்கத்துக்கு மூலிகை: ஆளும் அளவும் அறிந்து கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தூக்கமின்மைக்கான மூலிகைகள் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். அமுக்கரா, சடாமாஞ்சில், நீர்ப்பிரமி, ஜாதிக்காய், கசகசா, சர்ப்பகந்தா என ஆறு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள், எதனோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. முடிவில், இயற்கையானவை என்பதால் பக்கவிளைவு கிடையாது என்று எழுதியிருந்தார்கள். அந்தக் குறிப்பை வெட்டி எடுத்துக்கொண்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆகவே எழுதுகிறேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில், அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். என் தந்தை நாட்டு வைத்தியர். கடைச்சரக்கைத் தரம் பார்த்து வாங்குவதும், உரலில் இடித்துத் துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்வதும் சிறு வயதிலேயே எனக்குப் பழக்கம். இந்த மருத்துவத்தின் மீது எனக்குள்ள பற்றுக்கு நான் சாட்சி தேட வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் நரம்புத் தளர்ச்சியும் தூக்கக் குறைவும் உள்ள எத்தனையோ பேர் சித்த மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்த சூரணத்தால் பயன் அடைந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்ததால்தான், பெயரை மட்டும் அச்சடித்து ஊருக்கெல்லாம் பரப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் அமுக்கரா. இன்று எல்லோர் வாயிலும் இருப்பது அதுதான். வடநாட்டில் அசுவகந்தா. மத்தியப் பிரதேசத்தின் நீமச் சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் வேரை நம் கடைகளில் சீமை அமுக்கரா என்று விற்கிறார்கள். சித்த முறையில் அந்த வேரை அப்படியே இடித்துக் கொடுப்பதில்லை. பானையில் பாலை ஊற்றி, வாய்க்குத் துணி கட்டி, துணியின் மேல் வேர்ப்பொடியைப் பரப்பி ஆவியில் அவிக்க வேண்டும். பிட்டவியல் என்பார்கள். அவித்ததை உலர்த்தி மறுபடியும் இடித்துச் சலிக்க வேண்டும். அதன் பிறகுதான் சூரணம் கூட்டும் வேலை. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொரு சரக்கும் அதற்கு முந்தையதைப் போல இரு மடங்கு. எட்டையும் கூட்டினால் 255 பங்கு வரும். அதில் அமுக்கரா ஏறக்குறைய கால் பங்கு. ஆக, ஒரு கிராம் சூரணத்தைப் பாலில் கலந்து குடிப்பவரின் வயிற்றுக்குள் போகும் வேர் சுமார் கால் கிராம்தான். அதுவும் சுக்கு, மிளகு, திப்பிலியின் துணையோடு போகிறது. செரிக்கும் வழியைச் செய்து கொடுத்துவிட்டே வேரை உள்ளே அனுப்பினார்கள். என் தந்தை இந்தக் கணக்கைச் சிறுமியான எனக்கு வாய்ப்பாடு போல ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்தார்.

இன்று விற்பது என்ன? அமுக்கராவின் சத்தை மட்டும் பிரித்தெடுத்து அடைத்த மாத்திரைக் குப்பிகள். ஒரு வில்லையில் 300, 500, 600 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. அத்தனையும் சத்து, வேர்ப்பொடி அல்ல. ஒரு கம்பெனியின் சத்து எத்தனை மடங்கு வேருக்குச் சமம் என்பது அடுத்த கம்பெனிக்குப் பொருந்தாது. திரிகடி அளவு, அதாவது மூன்று விரல் நுனியில் அள்ளும் அளவு, சூரணத்துக்கு என்று வகுத்தது. இந்த வில்லைகளுக்கு அந்தக் கணக்கு ஆகாது. பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுகிறோம் என்று சொல்பவர்கள், பாட்டி சாப்பிட்டது எது என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இது வேலை செய்யுமா என்று கேட்டால், ஓரளவு செய்கிறது. அமுக்கராவும் தூக்கமும் பற்றிய ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2021இல் வெளியானது. மொத்தம் 400 பேர். பயன் தெரிந்தது, ஆனால் சிறிய அளவில்தான். தூக்கமின்மை உள்ளவர்களிடமும், எட்டு வாரமும் அதற்கு மேலும் தொடர்ந்து எடுத்தவர்களிடமும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. எட்டு வாரம் என்பதை வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டும். முதல் நாள் இரவே அடித்துப் போட்டது போலத் தூங்க வைக்கிறது என்று ஒரு பொட்டலத்தை யாராவது விற்றால், அதில் இருப்பது அமுக்கரா மட்டும்தானா என்ற சந்தேகம் வர வேண்டும். இங்கிலீஷ் தூக்க மாத்திரையைப் பொடித்துக் கலப்பது கடினமான வேலை அல்ல.

ஈரலுக்கு வரும் கேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமுக்கரா வில்லை சாப்பிட்டு மஞ்சள் காமாலை வந்தவர்களைப் பற்றி ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020இல் பதிவு செய்தார்கள். அதன் பிறகு வேறு இடங்களிலிருந்தும் பதிவுகள் வந்தன. பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தியதும் சில மாதங்களில் சரியாகிவிட்டது. ஏற்கெனவே ஈரல் கெட்டிருந்தவர்களின் நிலை அவ்வளவு எளிதாக இல்லை. டென்மார்க் 2023இல் அமுக்கராவுக்கு முழுத் தடையே போட்டது. அது மிகையான நடவடிக்கை என்பது என் எண்ணம். சாப்பிடும் கோடிக்கணக்கானவர்களில் ஈரல் பாதிப்பு அரிது. ஆனால் நம் ஆயுஷ் அமைச்சகமே 2021இல், அமுக்கராவின் இலையை மருந்துகளில் சேர்க்க வேண்டாம், வேரை மட்டும் பயன்படுத்துங்கள் என்று உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. வேரைவிட இலை மலிவு. மலிவு எங்கே நுழையும் என்பது கடை நடத்துபவர்களுக்குத் தெரியும். எந்த மூலிகையானாலும் சாப்பிடத் தொடங்கிய பின் உடம்பு அரித்தாலோ, சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு, கூடவே அமுக்கராவையும் விடாமல் சாப்பிடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஈரலுக்கு அது இரட்டைச் சுமை.

அமுக்கரா யாருக்கு ஆகாது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் குறிப்பில் இதுதான் விடுபட்டது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் வேண்டாம். தைராய்டுச் சுரப்பு கூடியவர்களுக்கும், குறைவுக்காக மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது அந்தச் சுரப்பை ஏற்றிவிடக்கூடும். சர்க்கரை மாத்திரையோடும் ரத்த அழுத்த மாத்திரையோடும் சேர்ந்தால், இரண்டையும் தேவைக்கு மேல் இறக்கிவிடலாம். தூக்க மாத்திரை, மனப்பதற்ற மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மயக்கம் கூடும். மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தில் இருப்பவர்கள் தொடவே கூடாது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் இதைச் சாப்பிடுகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

அடுத்து சர்ப்பகந்தா. இந்தப் பெயரை உங்கள் பட்டியலில் பார்த்ததும் எனக்கு உடம்பு பதறியது. இது சாதாரண வேர் இல்லை. கல்கத்தாவின் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இலேயே இதை மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் பயன்படும் மருந்து என்று எழுதினார்கள். பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகமே இந்த வேரைத் தேடியது. 1952இல் சுவிட்சர்லாந்தில் இதிலிருந்து ரிசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஆங்கில மருத்துவம் அதை ரத்த அழுத்த மாத்திரையாகக் கொடுத்தது. ஆழ்ந்த மனச்சோர்வு, மூக்கடைப்பு, நாடி தாழ்தல் என்ற சிக்கல்கள் வந்ததால் படிப்படியாக ஒதுக்கியது. ஏற்கெனவே அழுத்த மாத்திரை சாப்பிடும் அறுபது வயதுக்காரர், பத்திரிகையில் வந்திருக்கிறதே என்று இந்த வேர்ப்பொடியையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால், தலை சுற்றிக் கீழே விழுவார். இடுப்பெலும்பு முறிவுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மனம் சோர்ந்திருப்பவருக்கு இதைக் கொடுத்தால் சோர்வு இன்னும் ஆழமாகும். மருத்துவர் கையால் அன்றி இது வீட்டுக்குள் வரவே கூடாது. அந்தப் பெயரை மட்டுமாவது திரும்பப் பெற்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

ஜாதிக்காயைப் பற்றி எங்கள் பெண்களுக்கு நான் ஓயாமல் சொன்னது ஒன்று உண்டு. பாலில் ஒரு சிட்டிகை போட்டுப் பெரியவர்கள் குடித்தால் கேடில்லை. ஒரு முழுக்காய், ஏறக்குறைய ஐந்து கிராம், உள்ளே போனால் நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். ஒரு நாளுக்கு மேலும் அது தெளியாது. குழந்தை அழாமல் தூங்கட்டும் என்று உரை மருந்தில் ஜாதிக்காயை நாலு இழைப்பு கூடுதலாக இழைத்துக் கொடுக்கிறார்கள். அடுப்பும் வலை வேலையும் கருவாட்டுக் கூடையும் காத்திருக்கும் தாயின் அவசரம் எனக்குப் புரியாதது அல்ல. ஆனால் பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்பதே அரசு மருத்துவமனைகள் சொல்லும் விதி. வசம்பும் அப்படியே. பிள்ளை வளர்ப்பான் என்று நாம் கொண்டாடும் அந்த வேரை, அதிலுள்ள ஒரு பொருளுக்காக அமெரிக்கா 1968இலேயே உணவில் சேர்க்கத் தடை செய்துவிட்டது. நம் முன்னோர் அதைச் சுட்டுக் கரியாக்கித்தான் பயன்படுத்தினார்கள். பச்சையாக இழைத்துப் பச்சைக் குழந்தையின் நாக்கில் தடவ வேண்டாம்.

கசகசாவைப் பாலில் அரைத்துக் குடிப்பது சமையல் அளவில் இருக்கும்வரை எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எங்கள் கடற்கரைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, தேவிபட்டினம் என்று எங்கு போனாலும் வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பாத வீடு குறைவு. தூக்கம் வரவில்லை என்று மகன் தொலைபேசியில் சொல்கிறான். உம்மா ஒரு பொட்டலம் கசகசாவைத் துணிகளுக்கிடையே வைத்துப் பெட்டியைக் கட்டுகிறார். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் கத்தாரிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். அது அபின் செடியின் விதை. சுங்கச் சோதனையில் அகப்பட்டால் போதைப்பொருள் வழக்கு. மசாலாவில் கலந்திருந்தாலும் சிக்கல்தான். தூக்கக் குறிப்பு எழுதுகிறவர்கள் ராமநாதபுரம் மாவட்டப் பதிப்பிலாவது இந்த ஒரு வரியைச் சேர்த்திருக்கலாம். பெட்டி கட்டும் தாய்மார்களே, வேண்டாம். பெயர் தெரியாத சூரணப் பொட்டலமும் வேண்டாம். மருத்துவர் சீட்டோடு, சீல் உடைக்காத குப்பியாக, அந்த நாட்டில் அனுமதி உண்டா என்று விசாரித்த பிறகே எதையும் அனுப்புங்கள்.

சடாமாஞ்சில் இமயத்தில் மூவாயிரம் மீட்டருக்கு மேல் முளைக்கும் செடி. தோண்டித் தோண்டி அழியும் நிலைக்கு வந்துவிட்டதால் அதன் பன்னாட்டு வாணிபத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அப்படிப்பட்ட சரக்கு ராமேசுவரம் கோயிலுக்குப் போகும் வழியில் கித்தான் விரிப்பின் மேல் குவித்து வைத்து மலிவாகக் கிடைக்கிறது என்றால், அது என்ன வேரோ! இமயமலை மூலிகை என்று சொல்லி விற்கும் அந்தக் கடைகளில் வேருக்குப் பெயர்ச்சீட்டு கிடையாது, விற்றவர் நாளை அங்கே இருக்கமாட்டார். சங்குபுஷ்பி கேட்டால் ஒருவர் ஒரு செடியைத் தருகிறார், அடுத்தவர் காக்கணங்கொடியைத் தருகிறார். பிரமி கேட்டால் வல்லாரை வருகிறது. வல்லாரையாவது துவையலுக்கு ஆகும். வேர்களின் கதை அப்படியில்லை. எனக்கே சில வேர்களை உடைத்து முகர்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். பொடித்துவிட்டால் யாராலும் முடியாது.

பொடியைப் பற்றிச் சொன்னதும் எங்கள் காற்று நினைவுக்கு வருகிறது. மண்டபத்துக்குக் கிழக்கே உப்புக் காற்றில் எதுவும் உலர்ந்திருக்காது. சர்க்கரை சேர்ந்த சூரணம் ஒரு மழைக்காலத்தில் கசிந்து கட்டியாகிவிடும். கட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் பூசணம். அதைத் தட்டிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். சூரணத்துக்கு ஆயுள் மூன்று மாதம் என்று பழைய வைத்தியர்கள் சொன்னார்கள். எங்கள் ஊருக்கு அது இன்னும் குறைவு என்றே நான் சொல்வேன். சிறு அளவாக வாங்குங்கள், கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வையுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். நாற்றமோ நிறமோ மாறினால் கொட்டிவிடுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எங்கள் கடற்கரையில் தூக்கம் கெடுவதற்குக் காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் ஒரே வேரை நீட்டுவது வைத்தியம் ஆகாது.

விசைப்படகில் போகிறவர்கள் கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டான டோக்கன் வாங்கிக் காலையில் கிளம்பி, இரவெல்லாம் வலை இழுத்து, மறுநாள் விடிந்து கரைக்கு வருகிறார்கள். மீனைப் பிரித்து, ஏலம் முடித்து, வீட்டுக்குப் போகும்போது வெயில் ஏறிவிடும். தகரக் கூரைக்குக் கீழே அந்த வெயிலில் எப்படித் தூங்குவது? இரவில் விழித்திருக்கக் கருப்பட்டிக் காப்பியும் தேநீரும் மாற்றி மாற்றிக் குடித்திருப்பார்கள். அவர்களுக்கு நான் சொன்னது: கரைக்கு வரும் கடைசி சில மணி நேரம் தேநீரை நிறுத்துங்கள், வீட்டில் ஓர் அறையின் சன்னலையாவது கறுப்புத் துணியால் மூடுங்கள், குளித்துவிட்டு உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு படுங்கள், பிள்ளைகளையும் தொலைபேசியையும் வெளியே வையுங்கள். பலருக்கு இதுவே போதுமாக இருந்தது. தூக்கம் தரும் எந்த மருந்தையும், மூலிகையோ மாத்திரையோ, கடலுக்குப் போகும் நாளில் சாப்பிடாதீர்கள் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். இயந்திரத்தில் கயிறு ஏறும்போது ஒரு நொடி கண் சொக்கினால் கை போகும். படகின் முன்பக்கமான அணியத்தில் நின்று சொக்கினால் ஆளே போவார். சாராயத்தோடு சேர்த்தால் கேட்கவே வேண்டாம். கடைகளில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் தூக்க மாத்திரை பாதி, அமுக்கரா ஒரு கரண்டி, மேலே மது என்று மூன்றையும் ஒரே இரவில் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மூச்சே தளர்ந்துபோகும் ஆபத்து அதில் இருக்கிறது.

ஐம்பது வயதுக்கு மேல், இரவில் நாலைந்து முறை சிறுநீருக்கு எழுந்து தூக்கம் கெடுகிறவர் முதலில் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். குறட்டை பலமாக விட்டு, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறவருக்கு, பகலெல்லாம் அசதியாக இருக்கிறவருக்கு, தூக்க மருந்து எதுவும் உதவாது. மயக்கும் மருந்து அந்த மூச்சுத் தடையை இன்னும் மோசமாக்கும். மாதவிடாய் நிற்கும் வயதில் இரவில் உடம்பு கொதித்து எழுகிற பெண்களிடம் யாரும் விசாரிப்பதே இல்லை. அவர்களாகவே கடையில் ஏதோ ஒரு பொடியை வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் மருத்துவரிடம் சொல்ல ஓர் இடம் வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகுக் கடனும் பள்ளிக் கட்டணமும் ஒன்றாக வந்து நிற்கும் காலம். அப்போது வரும் தூக்கமின்மைக்கும், இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன கணவனின் செய்திக்காக விழித்திருக்கும் பெண்ணின் தூக்கமின்மைக்கும் அமுக்கரா எப்படி மருந்தாகும்? அப்படிப்பட்ட ஒரு பெண் என்னிடம், “அக்கா, கண்ணை மூடினால் படகு சத்தம் கேட்கிறது, ஏதாவது பொடி கொடுங்கள்” என்று கேட்டார். பொடி கொடுக்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவரைப் பார்க்க அவர் அனுப்பினார். பேசினார்கள், மருந்தும் கொடுத்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து, பிறகு தூக்கமே வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு இறங்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு உரிய மருத்துவம் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் உதவி இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழில் பேசலாம். உங்கள் மூலிகைக் குறிப்புக்குக் கீழே அந்த ஐந்து இலக்கத்தைப் போட எவ்வளவு இடம் பிடித்திருக்கும்?

எங்கள் மாவட்டத்துக்கு இதைச் சொல்லக் கூடுதல் காரணமும் உண்டு. தர்காவில் பிரார்த்தனைக்காக மனநோயாளிகளைக் கொண்டுவந்து தங்கவைக்கும் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அதன் பிறகே அங்கே முறையான மனநல மருத்துவம் வந்தது. நாட்கணக்கில் தூங்காமல், ஓயாமல் பேசிக்கொண்டு, அளவு மீறிய உற்சாகத்தோடு திரிகிற பிள்ளையை உள்ள வீடுகள் இன்றும் முதலில் வேரைத் தேடுகின்றன. பிரார்த்தனை செய்யுங்கள், யாரும் தடுக்கவில்லை. கூடவே மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதை நிறுத்திவிட்டு மூலிகை கொடுப்பது மிகப் பெரிய தவறு.

அரசிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் நச்சுச் சரக்குகளுக்கு இ(1) என்று ஓர் அட்டவணை இருக்கிறது. அபின், கஞ்சா, ஊமத்தை, எட்டி, தூக்கத்துக்காகச் சேர்க்கும் குரோசாணி ஓமம் ஆகியவை அதில் அடங்கும். இவை சேர்ந்த மருந்தின் குப்பியில், மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட வேண்டும் என்பது 161ஆவது விதி. பாம்பனில் கடற்பாசி எடுக்கும் பெண்ணுக்கு இந்த இரண்டாலும் என்ன பயன்? தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு குப்பியிலும் அந்த எச்சரிக்கை தமிழில் இருக்க வேண்டும். அட்டவணையில் இல்லாத அமுக்கரா முதலிய தூக்க மருந்துகளுக்கும் கர்ப்பிணிகள், ஈரல் நோயாளிகள், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தவிர்க்க வேண்டும் என்ற வரியைத் தமிழில் கட்டாயமாக்க வேண்டும். கன உலோகங்களைச் சோதிப்பதும் தீவிரமாக வேண்டும். இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளை வாங்கி அமெரிக்காவில் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் ஒரு பங்கு மருந்தில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. கடுமையாக உழைத்து நல்ல மருந்து செய்யும் வைத்தியர்களின் பெயரும் இதனால்தான் கெடுகிறது.

வாசகர்கள் மருந்து வாங்கும்போது குப்பியில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், உட்சரக்குகளின் அளவு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. பட்டம் பெற்ற மருத்துவர் நாடி பார்த்து, அரசின் டாம்ப்கால் நிறுவனம் தயாரித்த மருந்தை இலவசமாகத் தருகிறார். போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆங்கில மருத்துவரிடம் போகும்போது சூரணக் குப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள். இரண்டு பேருக்கும் முழு விவரம் தெரிந்தால்தான் உங்களைக் காப்பாற்ற முடியும்.

ஆசிரியர் அவர்களே, மூலிகைக் குறிப்புகளை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. இனி வரும் ஒவ்வொரு குறிப்பையும் பட்டம் பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகு, அவர் பெயரோடு வெளியிடுங்கள். அளவு, காலம், யாருக்கு ஆகாது என்ற மூன்றும் அதே எழுத்தளவில் இருக்கட்டும். இந்தக் கடிதம் முழுவதற்கும் இடம் இல்லையென்றால், சர்ப்பகந்தா பற்றிய பத்தியையும், அமுக்கராவை யார் தவிர்க்க வேண்டும் என்ற பத்தியையும், 14416 என்ற எண்ணையும் மட்டுமாவது இந்த ஞாயிறு இணைப்பிலேயே, பழைய குறிப்பு வந்த அதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்த மருந்தாளுநர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.